சாகாவரம் யார் கையில்? இரண்டு சாமுராய் மாங்காக்கள்

சாமுராய் கதையில் மாயத்தைக் கலப்பது ஆபத்தான வேலை. ஒரே வெட்டில் உயிர் போய்விடும் என்கிற பயத்தில்தான் வாள்சண்டையின் விறுவிறுப்பே இருக்கிறது. வெட்டினாலும் சாகாத ஆளை நடுவில் இறக்கிவிட்டால் அந்தப் பயம் எங்கிருந்து வரும்? ஹிரோயாகி சமுராவின் 'பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்', யூஜி காகுவின் 'ஹெல்ஸ் பாரடைஸ்' இரண்டும் மாங்காக்கள், அதாவது ஜப்பானிய காமிக்ஸ். இரண்டும் ஷோகன் எனப்பட்ட படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட எடோ காலத்துக் (1603–1868) கதைகள். இரண்டிலும் சாகாவரம் வருகிறது. அதை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் இருவரும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள்.

சமுரா அதை நாயகனுக்கே கொடுத்துவிடுகிறார். மாஞ்சியின் உடம்புக்குள் ரத்தப்புழுக்கள், 800 வயது பிக்குணி ஒருத்தியின் உபயம். துண்டான கையை எடுத்து ஒட்டவைத்தால் அவை சேர்த்துவிடும். 100 பேரைக் கொன்றதற்குப் பரிகாரமாக 1,000 கொடியவர்களைக் கொன்ற பிறகுதான் அவனுக்குச் சாவு. அப்படிப்பட்டவன் ஜெயிப்பதில் என்ன சுவாரசியம் என்று தோன்றும். ஆனால் மாஞ்சி அடிவாங்கிக்கொண்டே இருக்கிறான். எப்படியும் சாகப்போவதில்லை என்ற தெம்பில் தற்காப்பில் அசட்டையாகிவிட்ட ஆள் அவன். உயிர்பயம் முழுக்க அவன் காவலாகப் போகும் ரின் பக்கம். பெற்றோரைக் கொன்ற இத்தோ-ர்யூ கூட்டத்தைப் பழிவாங்கத் துடிக்கும் அந்தச் சிறுமியின் உடம்பில் புழு எதுவும் இல்லை.

மாயம் அந்தப் புழுக்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது, மற்றதெல்லாம் வரலாறு. கதை நடக்கும்போது, ஷிமபாரா கலகம் 1638இல் அடங்கியபின் ஜப்பானில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாகப் பெரிய போரே இல்லை. சாமுராய்கள் குமாஸ்தாக்களாகி, வாள்வித்தை பயிற்சிக்கூடத்துச் சடங்காகிக்கொண்டிருந்தது. இத்தோ-ர்யூ தலைவனான வில்லன் அனோட்சு கேட்பதும் அதைத்தான்: விதிமுறை பார்த்து ஆடுவதெல்லாம் ஒரு வித்தையா? எந்த ஆயுதமானால் என்ன, ஜெயித்தால் போதாதா? கொலைகாரன் பேச்சில் இவ்வளவு நியாயம் இருப்பது நம்மைச் சங்கடப்படுத்துகிறது. இதோடு சமுராவின் பென்சில் கோடுகள். சண்டை நடுவே மையை விட்டுவிட்டுப் பென்சிலிலேயே ஒரு பக்கத்தை வரைந்து வைப்பார், துணி மடிப்பும் சிதறும் ரத்தமும் மங்கலாகத் தெரியும். அங்கே பக்கத்தைப் புரட்ட மனசு வராது.

காகு சாகாவரத்தை எதிரிகளிடம் கொடுக்கிறார். மரண தண்டனைக் கைதிகளை ஒரு தீவுக்கு அனுப்புகிறது ஷோகன் அரசு. சாகாமருந்தைக் கொண்டுவருபவனுக்குப் பொதுமன்னிப்பு. ஒவ்வொரு கைதியோடும் யமடா அசயெமோன் குடும்பத்துத் தலைவெட்டி ஒருவர் காவலுக்குப் போகிறார். இந்தக் குடும்பம் கற்பனை இல்லை. ஷோகனின் வாள்களைக் குற்றவாளிகளின் பிணங்களில் வெட்டிச் சோதித்து, தலைவெட்டும் வேலையையும் பார்த்தவர்கள். பிணங்களிலிருந்து எடுத்த ஈரலில் மருந்து செய்து விற்றதும் உண்டு. அவர்களையே காயகற்பம் தேடி அனுப்புவது காகுவின் குறும்பு. தீவை ஆளும் தென்சென்களோ வெட்ட வெட்ட முளைக்கிறார்கள். அதனால் மனிதர் தரப்பில் யார் எப்போது போவார் என்று சொல்லவே முடியாது. பெயரும் முகமும் மனதில் பதிவதற்குள் ஆள் காலி. வாளை ஓங்கும்போதெல்லாம் தயக்கத்தோடு போராடும், யமடா குடும்பத்துப் பெண் தலைவெட்டி சகிரிதான் இதில் எனக்குப் பிடித்த பாத்திரம்.

குறை என்னவென்றால், தீவில் கால் வைத்ததும் எடோ காணாமல் போய்விடுகிறது. கடைசிப் பாதியில் 'தாவோ' என்ற சக்தியில் ஐந்து வகை, எது எதை அடக்கும் என்ற கணக்கு. வாள்சண்டை வீடியோ கேம் மாதிரி ஆகிவிடுகிறது.

என் ஓட்டு சமுராவுக்குத்தான். ஆனால் அது 1993 முதல் 2012 வரை நீண்டு 30 தொகுதிகளான கதை. மாஞ்சியைச் சிறையில் வைத்து உடலை ஆராயும் பகுதி இழுவை என்பதை மறைக்க முடியாது. காகு 2018இல் தொடங்கி 2021இல் முடித்துவிட்டார், 13 தொகுதிகள்தான். மாங்காவுக்குப் புதிதாக வருபவர் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன், ரத்தம் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் இரண்டையுமே கொடுக்கமாட்டேன்.