காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: 2147483647-ஐ வைத்து ஒரு சோதனை

வேலூர், காட்பாடி, சேர்க்காடு பக்கம் பி.எஸ்சி. கணிதம் படிப்பவர்கள் எண் கோட்பாட்டுக்கு இந்தக் கால்குலேட்டரை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் அதன் பகாக் காரணி வசதி எங்கே நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதைச் சோதிக்க 2³¹−1, அதாவது 2147483647, அருமையான எண். பத்து இலக்கம், திரையில் அப்படியே அடங்கும். 1772-இல் கணித மேதை ஆய்லர் அதைப் பகா எண் என்று நிறுவிவிட்டார்.

லாங்கு பஜார் கடையிலேயே பெட்டியைப் பிரித்து இந்த எண்ணை அடித்து, சமக்குறி அழுத்துங்கள். பிறகு ஷிஃப்ட், அடுத்து பாகை-நிமிட-விநாடி பட்டன் (மேலே ஃபேக்ட் என்று இருக்கும்). விடை (2147483647) என அடைப்புக்குறிக்குள் வரும். பலர் இதைப் பார்த்ததும் 'பகா எண்' என்று எழுதிவிடுகிறார்கள். அடைப்புக்குறியை வைத்து அப்படி முடிவு கட்டுவது தவறு. இந்தக் கருவி மூன்று இலக்கப் பகா எண்களால், அதாவது 997 வரைதான் வகுத்துப் பார்க்கும். அடுத்த பகா எண் 1009. அதன் வர்க்கம் 1018081. மிச்சம் அதற்குக் கீழே இருந்தால் அது பகா எண் என்பது உறுதி, அடைப்புக்குறி வராது. அதைத் தாண்டினால் கருவி முடிவு சொல்லாமல் விட்டுவிடும். 2²⁹−1-ஐ அடித்தால் 233×(2304167) வரும். அந்த 2304167 பகா எண்ணே அல்ல, 1103×2089. இரண்டுக்கும் ஒரே அடைப்புக்குறிதான்!

2³¹−2-ஐக் கொடுத்தால் 2×3²×7×11×31×151×331 என்று முழுதாகப் பிரித்துத் தரும். திரையில் தசமமோ பின்னமோ எதிரெண்ணோ இருக்கும்போது ஃபேக்ட் அழுத்தினால் மேத் எரர்தான்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதை நாமே தீர்க்கலாம், கருவியும் கைகொடுக்கும். 2³¹−1-இன் பகாக் காரணி எதுவானாலும் 62-ஆல் வகுத்தால் மீதி 1, எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால் 248k+1, 248k+63 ஆகிய வடிவங்கள் மட்டுமே மிஞ்சும். வர்க்கமூலம் 46340.95 என்பதால் k-யை 186 வரை பார்த்தால் போதும். டேபிள் மோடில் 2147483647÷(248X+1) கொடுத்து, முப்பது முப்பது வரியாக ஓட்டுங்கள். அடுத்து +63. மொத்தம் 14 அட்டவணை. 1 தவிர வேறு எந்த வகுத்திக்கும் முழு எண் வராவிட்டால், அது பகா எண். கட்டத்துக்குள் எல்லா இலக்கமும் தெரியாது. கர்சரை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, திரையின் அடியில் வரும் முழு மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் முழு எண்போலத் தெரிவது ஏமாற்றிவிடும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் நிரூபணம் கையில் நிற்கும்.

2ᵖ−1 வடிவ எண் பகா எண்ணா என்று பார்க்கும் லூக்கா-லெஹ்மர் சோதனைக்கு இது தாங்காது. அதில் 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடுக்க வேண்டும். 4, 14, 194, 37634, 1416317954 வரை சரியாக வரும். அதை வர்க்கப்படுத்தினால் 19 இலக்கம், உள்ளே வைத்துக்கொள்வதோ 15 இலக்கம். கடைசி இலக்கங்கள் போனபின் மீதி எடுப்பதில் பொருளில்லை. 2¹⁹−1-க்கு இதே சோதனை ஒழுங்காக வேலை செய்யும், அங்கே வர்க்கம் 12 இலக்கத்தைத் தாண்டாது.

இரண்டடிமானம், பதினாறடிமானம் போன்றவற்றில் கணக்கிடும் பேஸ்-என் மோடையும் பார்த்துவிடுங்கள். அங்கே பத்தடிமான எண்ணின் உச்ச வரம்பே 2147483647. ஒன்று கூட்டினால் மேத் எரர். பதினாறடிமானத்தில் அது 7 என்று தொடங்கி ஏழு எஃப். ஃபேக்ட் இந்த மோடில் இயங்காது, சாதாரணக் கணக்குக்கான காம்ப் மோடுக்குத் திரும்ப வேண்டும்.

இதைவிடப் பெரிய எண் என்றால் கல்லூரிக் கணினியில் இலவச மென்பொருளான பாரி/ஜிபி-யைப் போட்டுக்கொள்ளுங்கள். 39 இலக்கமுள்ள 2¹²⁷−1-ஐக்கூட அது கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்த்துவிடும்.