வீட்டு ஐபிஎல் முடிநீக்கி: மாநிறத் தோலுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

மாதாமாதம் வேக்ஸிங் போட்டு அலுத்துப் போனவர்கள் அடுத்து எட்டிப் பார்ப்பது வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்தும் ஐபிஎல் (Intense Pulsed Light, செறிந்த ஒளியைத் துடிப்பு துடிப்பாக விடுவது) கருவியைத்தான். ஃபிலிப்ஸ் லூமியா, பிரௌன் சில்க்-எக்ஸ்பர்ட் இரண்டும் இந்த வகையில் பேர் எடுத்தவை. நீட்டி முழக்காமல் முதலிலேயே சொல்லிவிடலாம்: கோதுமை நிறம் அல்லது மாநிறம், கறுத்துத் தடித்த முடி, இடம் முழங்காலுக்குக் கீழே அல்லது அக்குள் என்றால் போட்ட காசு வீண்போகாது. நல்ல கறுப்புத் தோலுக்கு இது ஆகாது. தாடைக்கும் கழுத்துக்கும் எந்த நிறத்தவரானாலும் வேண்டாம்.

இது லேசர் இல்லை. கடையில் லேசர் என்று சொல்லி விற்றாலும் உள்ளே இருப்பது கேமரா ஃபிளாஷுக்கு அண்ணன் முறையாகும் ஒரு செனான் விளக்கு. லேசர் ஒரே அலைநீளத்தில் ஒளி விடும். ஐபிஎல் சுமார் 530-லிருந்து 1200 நானோமீட்டர் வரை எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டும். வேலை செய்யும் விதம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. முடிக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூடு வேர்ப்பையைச் சுடுகிறது. 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் போட்ட கணக்கு இது: எதைச் சுட வேண்டுமோ அது உறிஞ்சும் ஒளியை, அதன் சூடு பக்கத்தில் பரவுவதற்குள் கொடுத்து முடித்துவிட்டால் சுற்றியுள்ள திசு தப்பித்துக்கொள்ளும்.

நம் ஊர்த் தோலில் இந்தக் கணக்கு இடறும் இடம் ஒன்று உண்டு. மெலனின் முடியில் மட்டுமா இருக்கிறது, மேல்தோலிலும் நிறைய இருக்கிறதே. ஒளி வேருக்குப் போகும் வழியிலேயே பாதியைத் தோல் வாங்கிக்கொண்டு தானே சூடாகும். அலைநீளம் குறையக் குறைய இந்தத் தொல்லை கூடும்; 600 நானோமீட்டரில் மெலனின் உறிஞ்சும் அளவு 1064-ல் உறிஞ்சுவதைப் போல ஆறேழு மடங்கு. கறுத்த தோலுக்கு கிளினிக்கில் 1064 நானோமீட்டர் லாங் பல்ஸ் (ஒளியை நீண்ட துடிப்பாக விடும்) என்டி-யாக் லேசரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். அது மேல்தோலை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்குப் போகும். வீட்டு ஐபிஎல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் சக்தியைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்: உச்ச அளவிலும் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு, ஆறரை ஜூல். கிளினிக் மெஷினில் இதைப் பல மடங்கு ஏற்றுவார்கள், கூடவே நீலக்கல் முனையாலோ குளிர்காற்றாலோ தோலை ஆற்றிக்கொண்டே.

குறைந்த சக்தி என்றால் பலனும் மெதுவாகத்தான் வரும். வேர் அடியோடு அழிவதைவிடத் தூங்கப் போவதுதான் அதிகம். அது விழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள, விடாமல் ஃபிளாஷ் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். லூமியாவில் முதல் நாலைந்து முறை இரண்டு வாரத்துக்கு ஒருதரம், பிறகு நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருதரம். பிரௌனில் தொடக்கத்தில் வாராவாரம். அட்டவணையை விட்டால் ஆறு மாதத்தில் முடி பழையபடி திரும்பிவிடும். 'நிரந்தர முடிநீக்கம்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் நம்பவேண்டாம். கிளினிக் லேசருக்கே அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதிக்கும் சொல் 'நிரந்தர முடிக்குறைப்பு'தான்.

தோல் நிறத்தைப் பார்க்கும் சென்சார் இரண்டு பிராண்டிலும் இருக்கிறது. பிரௌனின் புரோ 5 வினாடிக்கு 80 முறை படித்துச் சக்தியைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்கிறது அந்த நிறுவனம். லூமியா ஒரு அளவைப் பரிந்துரைக்கும், தோல் ரொம்பக் கறுப்பாக இருந்தால் ஃபிளாஷே விடாது. இந்த சென்சாருக்காகத்தான் பெரிய பிராண்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். '9,99,999 ஃபிளாஷ்' என்று கூவி விற்கும் பெயர் தெரியாத கருவிகளில் பலவற்றில் அது இல்லை. சென்சார் இருந்தாலும் ஒரு தந்திரம் நடக்கிறது: முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பச்சை விளக்கு வாங்கிவிட்டு, அதே அளவோடு முழங்காலிலும் முழங்கையிலும் அடிப்பது. ஒரே ஆளின் உடம்பில் அக்குளும் முட்டியும் முன்கையின் உள்பக்கமும் மூன்று நிறம். இடத்துக்கு இடம் மறுபடி படிக்க வைக்க வேண்டும்.

ஃபிளாஷ் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே ஒரு காலின் பரப்பு ஏறத்தாழ 1,150 சதுர சென்டிமீட்டர். லூமியாவின் உடம்புக்கான முனை சுமார் 4. ஆக ஒரு காலுக்கு 300 ஃபிளாஷ். இரண்டு கால், இரண்டு முன்கை, அக்குள் எல்லாம் சேர்ந்து ஒரு தடவைக்கு ஆயிரத்துக்குள் அடங்கும். பழைய மாடல்களின் இரண்டரை லட்சமே 250 தடவைக்கு வரும். அதற்குள் பேத்திக்கும் கொடுத்துவிடலாம்.

இனி அடிக்கும் முறை. முந்தின நாளோ அன்று காலையோ ரேசரால் சுத்தமாக மழித்திருக்க வேண்டும். வேக்ஸிங், த்ரெட்டிங், எபிலேட்டர் மூன்றும் நான்கு வாரத்துக்கு முன்பே நின்றிருக்க வேண்டும். வேர் இல்லாத குழிக்கு ஒளி அடித்து என்ன பயன்? மழிக்காமல் விட்டால் அதைவிட மோசம். தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடி கருகி முனைக் கண்ணாடியில் கரியாக ஒட்டும். அந்தக் கரி அடுத்தடுத்த ஃபிளாஷில் சூடேறி, கண்ணாடி தொடும் இடமெல்லாம் சின்னச் சின்னதாகச் சூடு போடும். கருகின வாடை லேசாக வந்தாலே நிறுத்தி, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

தோலில் எதுவும் இருக்கக் கூடாது: டியோடரண்ட், எண்ணெய், பூசிக் குளித்த மஞ்சள், முக்கியமாக மருதாணி. கல்யாணத்துக்குப் போட்ட மெஹந்தி பாதி மங்கிய கையில் அடித்தால், சிவந்த கோலம் இருக்கும் இடம் மட்டும் கறுப்புத் தோலைப் போல ஒளியை வாங்கும். முழுக்க அழியும்வரை பொறுங்கள். பச்சை குத்தின இடத்துக்கும் மச்சத்துக்கும் மேலே எப்போதும் அடிக்கக் கூடாது. மச்சத்தைச் சுற்றி வெள்ளைப் பென்சிலால் வட்டம் போட்டுவைத்தால் கை தவறாது. ஸ்டீராய்டு கலந்த வெள்ளையாக்கும் க்ரீமை மாதக்கணக்கில் பூசியவர்கள், டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் கருவியைத் தொடவே வேண்டாம்.

முனையைத் தோலில் செங்குத்தாக அழுத்தி வைத்தால்தான் ஃபிளாஷ் விடும். காலில் எலும்பு முட்டும் முன்பக்கத்தில் பலருக்கும் இது படுத்தும். காலை மடக்கித் தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால் சமதளம் கிடைக்கும். இழுத்துக்கொண்டே போகும் முறை வேகமானதுதான், ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் உழாமல் விட்ட வரப்பு மாதிரி முடி கோடு கோடாக நிற்கும். முதல் இரண்டு மாதமாவது ஒவ்வொன்றாக வைத்து எடுப்பதே நல்லது. விட்ட இடமோ என்ற சந்தேகத்தில் ஒரே இடத்தில் இரண்டாவது தரம் அடிக்காதீர்கள். மாநிறத் தோலில் புண் வராவிட்டாலும் கறுப்புத் திட்டு விழும், அது மங்க மாதங்கள் ஆகும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு ஃபிளாஷ் அடித்துப் பார்க்க வேண்டும். 24 மணி நேரம் பொறுத்தால் போதும் என்று கையேடுகள் சொல்லும். நம் நிறத்துக்கு அது போதாது; சூடு பட்ட கறுப்பு பத்து நாள் கழித்தும் தலை காட்டும். இரண்டு வாரம் பொறுங்கள். லேசான சிவப்பும் இளஞ்சூடும் சில மணி நேரத்தில் போய்விட்டால் சரி. தோல் சாம்பல் பூத்தோ வெளுத்தோ தெரிந்தாலும், அடுத்த நாளும் எரிச்சல் இருந்தாலும் அளவு அதிகம் என்று அர்த்தம். அடித்த பிறகு இரண்டு நாள் வெந்நீர்க் குளியல் வேண்டாம், அந்த இடத்தில் இரண்டு வாரம் வெயில் படக் கூடாது, படும் இடத்துக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும் கைக்கு மார்கழியில் தொடங்குவதே உசிதம். ஏழு முதல் பதினான்கு நாளில் முடி 'வளர்வது' போலத் தெரியும். பயப்பட வேண்டாம், செத்த முடி வெளியே தள்ளப்படுகிறது, துண்டால் தேய்த்தால் வந்துவிடும்.

முகம்தான் வம்பு. லூமியாவின் முகத்துக்கான முனையில் கூடுதல் வடிகட்டி இருக்கிறது, மேலுதட்டு மீசைமுடி கறுத்துத் தடித்திருந்தால் அதில் குறையும். தாடைக் கோட்டிலும் கன்னத்திலும் பூனைமுடி உள்ளவர்களுக்கு நடப்பது தலைகீழ். வேரைக் கொல்லப் போதாத சூடு அதை உசுப்பிவிட்டு, மெல்லிய முடி கறுத்து முரடாக முளைக்கும். தெற்காசிய, மத்தியதரைக் கடல் வட்டாரப் பெண்களிடம், அதிலும் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களிடம் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. கிளினிக் லேசரிலும் நடக்கும். முகவாயில் திடீரென்று முடி முளைப்பவர் முதலில் போக வேண்டியது ஹார்மோன் சோதனைக்கு. ஆண்கள் தாடிக்கு இதை எடுக்கக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. புருவத்துக்குக் கீழே, கண்குழி எலும்புக்குள்ளே யாரும் கொண்டுபோகக் கூடாது. கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்திலும் மெலனின் உண்டு.

நிறம் காரணமாகக் கருவி மறுத்துவிட்டால், அதை ஏமாற்ற வழி தேடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். அங்கே கேட்க வேண்டியது 'எத்தனை சிட்டிங், என்ன ஆஃபர்' என்பதல்ல. எந்த அலைநீளம், எத்தனை மில்லிசெகண்ட் பல்ஸ் என்று கேளுங்கள். கறுத்த தோலுக்கு 1064, அல்லது பல்ஸை நீட்டி வைத்த 810 டையோட் என்று பதில் வர வேண்டும். 755 அலெக்ஸாண்ட்ரைட் சிவந்த தோலுக்கானது. டெஸ்ட் பேட்ச் போடாமல் முதல் நாளே முழுக் காலும் அடிக்க வந்தால், கண்ணுக்குக் கவசம் தராமல் படுக்கச் சொன்னால், எழுந்து வந்துவிடலாம்.

நரைத்த முடிக்கு வீட்டுக் கருவியும் கிளினிக் லேசரும் ஒன்றும் செய்யாது. உறிஞ்ச நிறமே இல்லாத முடியில் ஒளி சும்மா கடந்து போகும். முகவாயில் நாலைந்து வெள்ளை முடி மட்டும் என்றால் எலக்ட்ரோலிசிஸ்: ஒவ்வொரு வேரிலும் ஊசி இறக்கி மின்சாரத்தால் சுடுவது. மெதுவான வேலை, வலியும் உண்டு, நிறம் பார்க்காது.