முகர்வுப் பயிற்சிப் பெட்டி: பயிற்சி நல்லது, பெட்டி சுமார்

சாம்பார் பொடி, ரசப் பொடி அரைத்துக் கொடுப்பது என் தொழில். மல்லி வறுபட்டுவிட்டதா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு காய்ச்சலோடு அந்த மூக்கு படுத்துவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார். அடைப்போ சதை வளர்ச்சியோ இல்லை, வைரஸ் செய்த வேலை, முகர்வுப் பயிற்சி செய்யுங்கள் என்றார். ஆன்லைனில் இந்தப் பெட்டியை வாங்கினேன். விலை ஆயிரத்துக்கு மேல்.

உள்ளே நாலு குட்டி பாட்டில்கள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அதே நாலு மணங்கள். தினம் 2 வேளை, ஒவ்வொன்றையும் சுமார் 10 விநாடி முகர வேண்டும். ஆய்வில் 12 வாரம் செய்தார்கள். வாசனை நரம்பு செல்கள் புதிதாக முளைக்கக்கூடியவை. அவற்றுக்கு வேலை கொடுப்பதுதான் நோக்கம். எல்லோருக்கும் பலிக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை. பெட்டிதான் சொல்கிறது.

என் பெரிய குறை ரோஜா பாட்டில் மேல். யூகலிப்டஸை முகர்ந்தால் முதல் நாளே மூக்கில் ஜில்லென்று ஏறும். வாசனை வந்துவிட்டது என்று துள்ள வேண்டாம், அந்தக் குளிர்ச்சியைச் சொல்வது முகத்து உணர்ச்சி நரம்பு. கிராம்பின் சுள்ளென்ற காரமும் அப்படித்தான். ரோஜாவில் அந்த ஏமாற்று வேலை கிடையாது, முகர்வு இருந்தால்தான் தெரியும். தேறுகிறோமா என்று பார்க்க அதைத்தான் நம்ப வேண்டும். இவர்கள் அனுப்பிய ரோஜாவோ, மூடி சரியாக இறுகாமல் சீக்கிரமே காற்றில் போய்விட்டது. வீட்டில் இருந்தவர்களிடம் நீட்டினால், "எண்ணெய்தானே, என்ன வாசனை?" என்கிறார்கள்! புகார் அனுப்பியதற்குப் பதில் இல்லை.

கையேடு ஆங்கிலத்தில் மட்டும். சரி, மகள் படித்துச் சொன்னாள். ஆனால் முக்கியமான ஒன்று அதில் இல்லவே இல்லை. நடுவில் ஒரு கட்டத்தில் வெங்காயம் வதக்கினால் சாக்கடை நாற்றம், காபியில் கருகிய ரப்பர். பயிற்சியை நிறுத்தவே நினைத்தேன். மருத்துவர்தான், நரம்பு தேறும்போது பலருக்கு இப்படி வாசனை மாறித் தெரியும், தொடருங்கள் என்றார். இப்போது மல்லி வறுக்கும் மணம் தெரிகிறது. வெந்தயத்துக்கு இன்னும் மகளைத்தான் கூப்பிடுகிறேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம், பன்னீர் மூன்றும் கிடைக்கும். எலுமிச்சைக்குத் தோலைக் கிள்ளி முகர்ந்தால் போதும். தைலத்தைப் பஞ்சில் விட்டு மூடியுள்ள பாட்டிலில் வையுங்கள், மூக்கில் விடக்கூடாது, குழந்தைகள் கைக்கும் எட்டக்கூடாது. மிச்சக் காசில் கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம் ஒன்று வாங்கி அடுப்படியில் மாட்டுங்கள்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்று கிராம்புக்கு, அது மட்டும் அசல் சரக்கு.