ஐடில் விஎம்முக்கும் கரண்ட் பில் உண்டு: கேவிஎம் ஹால்ட் போலிங்கோடு சில வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வர் ரூம் என் பொறுப்பில் இருக்கிறது. சர்வர் ரூம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டோர் ரூமில் பாதியைத் தடுத்து ஏசி மாட்டிய இடம், உள்ளே இன்டெல் ஜியான் பிராசஸர் போட்ட பழைய சர்வர் ஒன்று, அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே இயந்திரத்தில் பல கற்பனைக் கம்ப்யூட்டர்களை ஓட்டும் சாஃப்ட்வேர்), அதன் மேல் சம்பளம், பேக்கிங், ஸ்டோர்ஸ், கேட் பாஸ் என்று கம்பெனியின் மொத்தக் கணக்கு வழக்கும் ஓடுகிறது. விஎம்கள், அதாவது அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டர்கள், பத்துப் பன்னிரண்டு இருக்கும், ஆனால் எந்த நேரத்தில் பார்த்தாலும் நிஜமாக உழைப்பது இரண்டோ மூன்றோதான், மீதியெல்லாம் யாராவது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருப்பவை.

விஎம்களை ஓட்டுகிற ஹைப்பர்வைசரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வேகத்தைத்தான் எழுதுகிறார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்திவிட்டு, ஜெனரேட்டர் ஆளும் சாவியோடு எங்கேயோ போய்விட்டால், யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் எனக்குக் கேள்வி. அதனால் இது, விஎம்கள் சும்மா (ஐடில்) இருக்கும்போது ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் இருக்கும் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றிய பதிவு.

முதலில் அடிப்படை. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வேலை இல்லையென்றால் ஹால்ட் என்ற இன்ஸ்ட்ரக்ஷனைப் போட்டுவிட்டு அடுத்த இன்டரப்ட் (கவனி என்று டைமரோ கீபோர்டோ தரும் தட்டல்) வரும்வரை சிபியுவை நிறுத்தி வைக்கும். 8086 காலத்திலிருந்து இருக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்தான். கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) உண்மையாகவே பிராசஸரை நிறுத்திவிட்டால் அந்தக் கோரை (பிராசஸரின் ஒரு பகுதியை) வேறு யாருக்கும் கொடுக்க முடியாதே, அதனால் கெஸ்ட் ஹால்ட் போட்ட உடனே கண்ட்ரோல் ஹைப்பர்வைசருக்கு வந்துவிடும். விஎம் எக்சிட் என்பார்கள். கேவிஎம்மைப் பொறுத்தவரை ஒவ்வொரு விசிபியுவும் (விஎம்முக்குக் கொடுத்த கற்பனை சிபியு) ஹோஸ்ட் லினக்ஸில், அதாவது நிஜ சர்வரில் ஓடும் லினக்ஸில், ஒரு சாதாரண த்ரெட் (தனி வேலை), ஹால்ட் வந்ததும் அதைத் தூங்கவைத்துவிட்டு வேறு த்ரெட்டைப் பார்க்கப் போகும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் உடனே தூங்கவைப்பதில்லை. 2015-இல் வந்த லினக்ஸ் 4.0 தொட்டு ஹால்ட் போலிங் என்று ஒன்று இருக்கிறது. தூங்கவைத்து எழுப்ப நேரமாகிறது, அதனால் ஹோஸ்ட் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதற்குள் ஏதாவது இன்டரப்ட் வந்தால் தூங்காமலே கெஸ்டுக்குத் திரும்பிவிடலாம். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் எஞ்சினை அணைக்காமல் நிற்பது மாதிரி, இதோ கிளம்பிவிடுவோம் என்ற கணக்கு. இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் இதன் உச்சவரம்பு 200 மைக்ரோசெகண்ட். எழுப்பல்கள் அடிக்கடி வந்தால் 10 மைக்ரோசெகண்டில் தொடங்கி இரட்டிப்பாக வளரும், ரொம்ப நேரம் யாரும் எழுப்பவில்லை என்றால் சுருங்கிவிடும், அதே கோருக்கு வேறு த்ரெட் காத்திருந்தாலும் விட்டுவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் எங்கே என்றால், 150 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறை ஏதாவது துண்டு வேலை வந்துகொண்டே இருக்கும் விஎம்மில். கெஸ்டுக்குள் போய்ப் பார்த்தால் பெரும்பகுதி ஐடில் என்று காட்டும். ஹோஸ்டில் பார்த்தால் அந்த விசிபியு த்ரெட் கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் அக்கவுண்ட்ஸில் இருக்கும் அண்ணன் ஒருநாள் "ஏனுங்க தம்பி, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயாச்சு, இது மட்டும் ஏன் இந்தக் கத்து கத்துது?" என்று கேட்டார். ஃபேன் சத்தத்தைச் சொன்னார். பேக்கிங் அப்ளிகேஷன் விஎம்மும் டேட்டாபேஸ் விஎம்மும் ஒரே ஹோஸ்டில் ஓயாமல் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டிருந்தன, ஆள் இல்லாதபோதும் ஸ்க்ரீனைப் புதுப்பிக்கும் சின்னச் சின்ன க்வெரிகள். கேவிஎம்_ஸ்டாட் என்ற கமாண்டைப் போட்டால் போலிங்கில் வெற்றி பெற்ற நேரம், தோற்ற நேரம் இரண்டும் தனித்தனியாக வரும். இரண்டும் சளைக்காமல் ஏறிக்கொண்டிருந்தன.

ஹோஸ்டில் ஹால்ட் போல் மதிப்பைப் பூஜ்யமாக்கினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், ஆனால் சில கர்னல் பதிப்புகளில் விஎம்மை நிறுத்தி மறுபடி கிளப்பினால்தான் எடுத்துக்கொள்ளும், எனவே மாற்றிய கையோடு 'ஒரு வித்தியாசமும் இல்லையே' என்று முடிவுகட்ட வேண்டாம். யுபிஎஸ் முகப்பில் லோடு காட்டும் கட்டைகளில் ஒன்று அணைந்தது. அந்த ஒரு கட்டைதான் எனக்கு ஐந்து நட்சத்திரம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. போலிங் இல்லையென்றால் த்ரெட் தூங்கும், த்ரெட் தூங்கினால் கோரும் தூங்கப் போகும், சி6 என்ற ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போய்விட்டால் ஸ்கைலேக் தலைமுறை ஜியானில் எழுந்திருக்க 133 மைக்ரோசெகண்ட் ஆகும் என்றுதான் லினக்ஸின் இன்டெல் ஐடில் டிரைவரே கணக்கு வைத்திருக்கிறது. பேக்கிங்கில் பார்கோடு அடிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்று, எழுதியவர் புண்ணியத்தில், ஒவ்வொரு வரிக்கும் தனி க்வெரி போடும். ஒரு க்வெரிக்கு 100 மைக்ரோசெகண்ட் கூடினால் 1 லட்சம் க்வெரிக்கு 10 வினாடி. அக்கவுண்ட்ஸில் 10 வினாடி என்றால் போன் வரும்.

அதற்கு நான் வைத்திருக்கும் வழி கெஸ்ட் பக்கத்து ஹால்ட் போல். 2019-இல் லினக்ஸ் 5.4-இல் வந்தது. கெஸ்ட் கர்னலே ஹால்ட் போடுமுன் கொஞ்ச நேரம் காத்துப் பார்க்கும், அதுவரை எக்சிட்டே நடக்காது என்பதால் ஹோஸ்ட் போலிங்கை விட இது வேகம். நீ சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹோஸ்டுக்கும் சொல்லிவிடும். தானாக லோடு ஆகாது, ஹோஸ்ட் பக்கமிருந்து ரியல்டைம் குறிப்பு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர்ஸ் என்று கொடுத்து ஏற்ற வேண்டும். டேட்டாபேஸ் விஎம் ஒன்றுக்கு மட்டும் போட்டிருக்கிறேன். ஹோஸ்டில் வேறு யார் காத்திருக்கிறார்கள் என்பது கெஸ்டுக்குத் தெரியாது, எனவே எல்லா விஎம்முக்கும் போட்டால் பழைய கதைதான்.

இனி நிஜமான தலைவலி. சம்பள சாஃப்ட்வேர். டாஸில் ஓடும் ஃபாக்ஸ்ப்ரோ 2.6, பீஸ் ரேட் கணக்கு முழுக்க அதில். சனிக்கிழமை வாரச் சம்பளம் போட வேண்டும், ஆகவே யாரும் அதில் கை வைக்க விடமாட்டார்கள், விஎம்முக்குள் தூக்கி வைப்பதற்கே முதலாளியிடம் நின்று பேச வேண்டியிருந்தது. அந்த விஎம் ஆறு நாளும் மெனு ஸ்க்ரீனில் நிற்கும், ஆறு நாளும் ஒரு கோர் நூறு சதவீதம். ஏன் என்றால் அந்தக் கால டாஸ் புரோகிராம்கள் கீ அழுத்தப்பட்டதா, அழுத்தப்பட்டதா என்று, கீபோர்டு போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் அடிப்படை சாஃப்ட்வேரான பயோஸை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், ஹால்ட் என்ற இன்ஸ்ட்ரக்ஷனைத் தொடவே தொடாது. கெஸ்ட் ஹால்ட் போடாதவரை ஹைப்பர்வைசருக்கு அது ஐடிலா, கணக்குப் போடுகிறதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கேவிஎம் என்ன, எந்த ஹைப்பர்வைசரைக் கொண்டுவந்து வைத்தாலும் இதே பாடுதான். விண்டோஸ் 95 கூட ஐடிலில் ஹால்ட் போடாத ஜாதிதான், அதற்கென்று தனி யுட்டிலிட்டிகளே சுற்றிக்கொண்டிருந்தன.

ஃப்ரீடாஸுக்கு மாற்றி ஐடில்ஹால்ட் என்ற வரியைக் கான்ஃபிக் ஃபைலில் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். புரோகிராம் டாஸிடம் காத்திருந்தால் சரிதான், இது டாஸைத் தாண்டி நேராகப் பயோஸிடம் கேட்கிறதே. கடைசியில் வேலைக்கு வந்தது எஃப்டிஏபிஎம் என்ற சின்ன டிரைவரின் ஏபிஎம்டாஸ் ஆப்ஷன். கீபோர்டு கேள்விகளை இடைமறித்து, வெட்டியாகக் கேட்கிறது என்று தெரிந்தால் ஹால்ட் போட்டுவிடும். ஆட்டோஎக்ஸெக்கில் ஒரு வரி. எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் ஹோஸ்டின் டாப் பட்டியலில் தலையில் நின்ற பெயர் கண்ணிலேயே படாத இடத்துக்குப் போய்விட்டது. சனிக்கிழமை சம்பளம் எப்போதும்போல் ஓடியது, கணக்குப் போடும்போது வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

விண்டோஸ் கெஸ்ட்கள் வேறு ரகம். ஹால்ட் ஒழுங்காகப் போடும், ஆனால் டைமர் வைத்து அடிக்கடி எழுந்துகொள்ளும். சாதாரணமாக 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, ஏதாவது அப்ளிகேஷன் கேட்டுக்கொண்டால் 1 மில்லிசெகண்ட் வரை இறங்கும், அப்படி ஒருவர் கேட்டால் மொத்த சிஸ்டத்துக்கும் அதே கதி என்ற நிலைமை விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில்தான் மாறியது. எழுந்திருப்பதை விட மோசம், எதை வைத்து நேரம் பார்க்கிறது என்பது. ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்வைசர்) வசதிகள் கெஸ்டுக்குக் காட்டப்படவில்லை என்றால் பழைய எமுலேட் செய்த டைமர்களைத் தொடும், ஒவ்வொரு தொடலும் க்யூஈஎம்யூ (விஎம்முக்கு ஹார்ட்வேர் போல நடிக்கும் புரோகிராம்) வரை போய்த் திரும்பும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஓஎஸ் டைப்பை விண்டோஸ் என்று சரியாகக் கொடுத்திருந்தால் விஎம்முக்கென்றே உள்ள சிந்தடிக் டைமர் எல்லாம் தானாக வந்துவிடும். எங்களுக்கு முன்னால் சர்வர் அமைத்துக் கொடுத்த ஆள் எல்லா விஎம்மையும் 'அதர்' என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். அதை மாற்றியதில் கிடைத்த பலன் போலிங்கை நிறுத்தியதில் கிடைத்ததை விட அதிகம். முதலில் இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பழைய சென்ட்ஓஎஸ் 5 ஒன்றும் இருக்கிறது, அட்டென்டன்ஸுக்கு. அந்தக் கர்னல் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விசிபியுவுக்கு வினாடிக்கு 1000 டிக் (டைமர் இன்டரப்ட்). பூட் வரியில் டிவைடர் 10 என்று கொடுத்தால் 100 ஆகும். கொடுத்தேன், முடிந்தது.

க்யூஈஎம்யூ 3.0-இல் 2018-இல் வந்த சிபியு-பிஎம் ஆப்ஷனையும் ஓட்டிப் பார்த்தேன். ஹால்ட், அதைப் போலவே தூங்கவைக்கும் எம்வெயிட் இரண்டும் ஹைப்பர்வைசருக்கு வராமல் கெஸ்ட் நேராக நிஜக் கோரையே தூங்கவைக்கும். சாதாரணமாகக் கேவிஎம் எம்வெயிட்டைக் கெஸ்ட் கண்ணில் காட்டுவதே இல்லை. இந்த ஆப்ஷனில் ஒரு விசித்திரம்: ஹோஸ்டின் டாப்பில் அந்த விஎம் எப்போதும் நூறு சதவீதம் காட்டும், ஆனால் கோர் உண்மையில் தூங்கிக்கொண்டிருப்பதால் யுபிஎஸ் கட்டை ஏறாது. டாப்பை நம்புகிறவர்களுக்கு மயக்கம் வரும். ஆனால் ஹோஸ்ட் ஷெட்யூலரும் அந்த நூறை நம்பிவிடுகிறது, அந்தக் கோர் பக்கம் தப்பித் தவறிப் போன மற்ற விஎம்களில் ஸ்டீல் டைம் (கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரம்) ஏறுகிறது. விசிபியுவுக்கு ஒன்று என்று கோரை ஒதுக்கிக் கட்டிவைக்க முடிந்தவர்களுக்கு அருமையான வசதி. பன்னிரண்டு விஎம்மை ஒரே பெட்டியில் அடைத்து வைத்திருக்கும் எங்களுக்கு ஆகாது, எடுத்துவிட்டேன்.

பாஸ் (PAUSE, கொஞ்சம் பொறு) இன்ஸ்ட்ரக்ஷனையும் கேட்பார்கள். அது வேறொருவர் பிடித்திருக்கும் லாக்குக்காக (பூட்டுக்காக) காத்திருக்கும்போது போடுவது, ஐடில் அல்ல. ஒரு கெஸ்ட் அதை விடாமல் போட்டுக்கொண்டே இருந்தால் கேவிஎம் கவனித்து வேறு விசிபியுவுக்கு இடம் கொடுக்கும். அதன் செட்டிங்கைத் தொட எனக்குக் காரணம் எதுவும் வரவில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட் என்ற கமாண்டை ஓட்டினால் நேரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஹால்ட் எக்சிட் தின்றது என்று வரும். பயப்பட வேண்டாம், அது கெஸ்ட் தூங்கிய நேரமும் சேர்ந்த கணக்கு, ஐடில் விஎம்மில் அப்படித்தான் வரும். எத்தனை முறை எக்சிட் ஆகிறது என்ற எண்ணிக்கையைப் பாருங்கள், அதையும் ராத்திரி ஷிஃப்ட் இல்லாத நாளில், ஆள் இல்லாத நேரத்தில் பாருங்கள். அப்போதும் எண்ணிக்கை பறக்கிறது என்றால் அந்த விஎம்மில்தான் ஏதோ இருக்கிறது. ஹோஸ்ட் செட்டிங்கில் கை வைப்பதற்கு முன்னால் அதற்குள் போய்த் தேடுங்கள்.