தரமணியா, பக்கத்துக் கல்லூரியா, டிப்ளோமாவா?

+2 ரிசல்ட் வந்த வாரம் சொந்தத்தில் யாராவது ஒருவர் போன் போட்டு, "தம்பி, பையன் ஹோட்டல் மேனேஜ்மென்ட்தான் படிப்பேங்கிறான், எங்க சேக்கலாம்?" என்று கேட்பார்கள். நானும் அந்தக் குழப்பத்தில் கிடந்து ஐ.எச்.எம். என்கிற அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்டில் மூன்று வருடம் படித்தவன் என்பதால் சொல்கிறேன், என் ஓட்டு ஐ.எச்.எம். பட்டத்துக்குத்தான்.

சேரத் தேவையான தகுதியெல்லாம் பெரிய விஷயமே இல்லை. +2வில் எந்த குரூப் படித்திருந்தாலும் சரி, ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்து பாஸ் பண்ணியிருந்தால் ஐ.எச்.எம்.முக்கான நுழைவுத்தேர்வு எழுதலாம். சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ரேங்க் தள்ளிப்போனால் கோவா, ஷில்லாங் என்று எங்காவது சீட் வரும். அனுப்ப மனசு வேண்டும். தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், அதனால் தமிழ் மீடியம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கொஞ்சம் முன்கூட்டியே உட்கார வேண்டியிருக்கும். கலை அறிவியல் கல்லூரிகளில் பாரதியார் பல்கலைக்கழகம் மாதிரியானவற்றின் கீழ் நடக்கும் பி.எஸ்ஸி. கேட்டரிங் சயின்ஸ் படிப்புக்கு இந்த அகில இந்தியத் தேர்வெல்லாம் கிடையாது, மார்க் ஷீட்டோடு போனால் போதும். அதுவும் முழுப் பட்டம்தான். ஆனால் கிச்சன் எப்படியிருக்கிறது, டிரெய்னிங்குக்கு எந்த ஹோட்டலுக்கு அனுப்புகிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், நேரில் போய்ப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, டிப்ளோமா. +2 முடித்தவர்களுக்குத் ஐ.எச்.எம்.களுக்குப் பாடத்திட்டம் போடுகிற தேசிய ஹோட்டல் மேனேஜ்மென்ட் கவுன்சிலே ஃபுட் புரொடக்ஷனில், அதாவது சமையலில், ஒன்றரை வருட டிப்ளோமா நடத்துகிறது, பத்தாவது முடித்தவர்களுக்கு ஹோட்டல் வேலைக்கான கிராஃப்ட் கோர்ஸ் தனியாக உண்டு. டிப்ளோமா வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை, அதை முடித்தவர்களோடு வேலைதான் பார்த்திருக்கிறேன், எனவே பாடம் எப்படி என்று தீர்ப்பு சொல்ல மாட்டேன். கை வேகத்தில் எங்களைவிட அவர்கள் ஒரு படி மேலே இருந்தார்கள், அது உண்மை. செஃப் ஆவதுதான் ஆசை, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் அது போதும்.

அப்புறம் ஏன் மூன்று வருடம் என்றால், இந்தத் துறையை விட்டு வெளியே வரும் நாளுக்காக. சேரும்போது யாரும் அதை யோசிப்பதில்லை. தீபாவளிக்கு லீவு கிடையாது, பத்து மணி நேரம் நின்றே ஆக வேண்டும், நைட் ஷிப்ட் முடிந்து ஊரே எழுந்திருக்கும்போது தூங்கப் போக வேண்டும். ஐந்தாறு வருடத்தில் போதும்டா சாமி என்று ஒதுங்கியவர்கள் என் பேட்ச்சிலேயே நிறைய. நானும் ஹோட்டல் ரிசப்ஷனில் பார்த்த ஃப்ரண்ட் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ.வுக்கு டான்செட் நுழைவுத்தேர்வு எழுதினேன். அதற்கு மூன்று வருடப் பட்டம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கி அதிகாரி தேர்வு என்று எதை எடுத்தாலும் விண்ணப்பத்தில் அதே கேள்விதான். ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியிலேயே பாடம் எடுக்கலாம் என்றாலும் பட்டம் கேட்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவன், சாஸ் வைத்தால் சமையலறையே திரும்பிப் பார்க்கும், டிப்ளோமாக்காரன். முதுகுவலி வந்து வேறு வேலை தேடியபோது விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் முப்பது வயதில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்தான்.

அதனால் கட்டடத்தையும் யூனிஃபார்மையும் பார்க்காமல், சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி பல்கலைக்கழகமோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்த நிறுவனமோதான் பட்டம் தர முடியும். ஐ.எச்.எம். பட்டத்தை இப்போது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யு.) தருகிறது. நான் படித்தபோது தந்தது தொலைதூரக் கல்விக்குப் பேர்போன இக்னோ, அதனால் தினமும் கிச்சனில் வெந்துவிட்டு வந்த என்னைப் பார்த்து மாமா ஒருவர் "தபால்லயா படிச்ச?" என்று கேட்டார். ஆனால் 'இங்கே டிப்ளோமா, கூடவே வெளிமாநிலத்திலிருந்து தபாலில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிகிரி' என்று யாராவது சொன்னால் உஷார். இந்தப் படிப்பைத் தொலைதூரக் கல்வியில் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை.

எனக்கே ஒரு தனியார் இன்ஸ்டிடியூட்டில் அட்வான்ஸ் கட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. போன பேட்ச் பிள்ளைகளின் டிகிரி சர்டிபிகேட் ஒன்று காட்டுங்கள் என்று அப்பா கேட்டதற்கு, "சார் வரட்டும், அவர்கிட்டதான் சாவி இருக்கு" என்றார்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், இரண்டு முறை டீ வந்தது, சார் வரவில்லை. அப்பா பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.