கொல்லையில் சுக்கினியா, பரங்கியா?

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். கொல்லையில் கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே அரை சென்ட் இடம் உண்டு. அதில் பரங்கி போடுவது அத்தையின் வழக்கம். அத்தை என்றால் என் மாமியார். மூன்று வருஷமாக அதில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி நான் சுக்கினி என்ற நீளக் காய்ப் பூசணி போட்டுவருகிறேன். இரண்டுக்கும் ஒரே களிமண், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே எருக்குழி. அதனால் எது எதில் தேறுகிறது, எது எதில் தோற்கிறது என்று பார்க்க நல்ல வசதி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைப்பட்டத்தில் இரண்டும் வரும். ஆடிப்பட்டத்தில் பரங்கி மட்டும்தான். இது முன்பே தெரிந்திருந்தால் என் முதல் விதைப் பாக்கெட் வீணாகியிருக்காது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் பரங்கிக்காய் என்பது மஞ்சள் பூசணி. வெறுமனே பூசணிக்காய் என்றால் சாம்பல் பூத்த வெள்ளைக் காய். சுக்கினி இதில் பரங்கிக்குத்தான் நெருங்கிய சொந்தம். தாவரவியல் பேரில் பரங்கி குக்குர்பிட்டா மொஸ்சாட்டா, சுக்கினி குக்குர்பிட்டா பெப்போ. இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அங்கிருந்து போன பூசணியை நீளக் காயாக வளர்த்தெடுத்தவர்கள் இத்தாலிக்காரர்கள். சுக்கினி என்ற பேருக்கே அவர்கள் பேச்சில் சின்னப் பூசணி என்றுதான் அர்த்தம். பழுக்கவிடாமல் பிஞ்சிலேயே பறிப்பதால் அதை நம்மூர்ப் பரங்கிப் பிஞ்சோடு ஒப்பிடுவதுதான் நியாயம். சுரையோடும் பீர்க்கையோடும் ஒப்பிட்டால் கணக்கு ஒட்டாது.

பார்த்த உடனே தெரியும் வித்தியாசம், சுக்கினி கொடி ஓடாது. ஒரே தண்டு, அதைச் சுற்றிப் பெரிய பெரிய இலைகள். மூன்றடிக்கு மூன்றடி இடம் விட்டால் ஒரு செடிக்குப் போதும். பரங்கி அப்படியில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் குழிக்குக் குழி இரண்டு மீட்டர் இடைவெளி சொல்கிறது. எங்கள் வீட்டுக் கொடி அதையும் தாண்டி வேலியில் ஏறி, வைக்கோல் போரைச் சுற்றி, ஒரு வருஷம் கொட்டகைக் கூரையிலேயே காய்த்தது. இடம் குறைவான வீட்டிலும் மாடியிலும் இந்த ஒரு காரணத்துக்காகவே சுக்கினி ஜெயித்துவிடும்.

இனி பட்டம். சுக்கினி விதைப் பாக்கெட்டின் பின்னால், உறைபனி விலகியபிறகு விதைக்கவும் என்று போட்டிருந்தது. குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது சரி. நமக்கு உறைபனியும் கிடையாது, மண் சூடு போதவில்லை என்ற கவலையும் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது மழையையும் வெயிலையும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். அப்போது எங்கள் களிமண்ணில் கால் வைத்தால் கணுக்கால்வரை போகும். மார்கழி பாதிக்குமேல் மழை ஓய்ந்து, தஞ்சாவூர்ப் பக்கம் பகல் 29, 30 டிகிரி, இரவு 20, 22 டிகிரி என்று நிற்கும். சுக்கினிக்கு இதைவிட நல்ல காலம் நம்மிடம் இல்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் விதைத்தால் பிப்ரவரி பாதியில் முதல் காய். மார்ச் கடைசியில் வெயில் ஏறும்போது செடியும் ஓய்ந்திருக்கும். ஆக, வருஷத்துக்கு ஒரே வாய்ப்பு. அதை விட்டால் அடுத்த மார்கழிதான்.

இது தெரியாமல், ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற சொல்லை நம்பி முதல் வருஷம் ஜூலை கடைசியில் பத்து விதை போட்டேன். முளைத்தது, தளதளவென்று வளர்ந்தது. பூவும் பூத்தது. ஆனால் மூன்று வாரம் வெறும் ஆண் பூ. இந்தப் பூசணிக் குடும்பத்துக்கே வெயில் கூடினால், பகல் நீண்டால் ஆண் பூ பெருகும், பெண் பூ குறையும். பரங்கியிலும் இந்தச் சங்கடம் உண்டு. அதற்காகத்தான் விதைத்த பத்துப் பதினைந்து நாளில் தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை நாலு தடவை, பெண் பூவைக் கூட்டும் எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியை 250 பிபிஎம் (பத்து லட்சத்தில் 250 பங்கு) அளவில் தெளிக்கச் சொல்லிப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஆனால் பரங்கிக்கு வயசு நீளம். ஒரு மாசம் ஆண் பூவாகவே போனாலும் அடுத்த மாசம் ஈடுகட்டிவிடும். சுக்கினியின் ஆயுளே எண்பது, தொண்ணூறு நாள்தான். பெண் பூ எட்டிப் பார்க்க ஆரம்பித்தபோது புரட்டாசி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. தண்டு அடியில் அழுகி ஐந்து செடி ஒரே வாரத்தில் சாய்ந்தது.

அதே மழையில் அத்தையின் பரங்கி நின்றது. காரணத்தை அப்புறம் கொடியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். கொடி தரையைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் விட்டிருந்தது. தாய்த்தூரில் நீர் நின்று அழுகினாலும் நடுவிலிருக்கும் வேர்கள் கொடியைக் காப்பாற்றுகின்றன. சுக்கினிக்கு அந்த மாற்று வேர் இல்லை. ஒரே கழுத்து, அது அழுகினால் கதை முடிந்தது. அதனால் டெல்டா மண்ணில் சுக்கினிக்கு மேட்டுப்பாத்தி கட்டாயம். முக்கால் அடி உயரம், பாதிக்குப் பாதி எருவும் ஆற்று வண்டலும் நான் கலக்கிறேன். பரங்கிக்கு அதெல்லாம் வேண்டாம். எருக்குழி ஓரத்தில் ஒரு முழக் குழி, அவ்வளவுதான்.

விதை போடுவதில் இரண்டு வழி உண்டு: பாத்தியிலேயே நேராக ஊன்றலாம், கப்பில் முளைக்க வைத்து நடலாம். சுக்கினி வேர் அசைந்தால் முகம் வாடும் செடி. அதனால் நேராக ஊன்றுவதுதான் முறை என்பார்கள். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. இரண்டாம் வருஷம் ஐந்து விதையைப் பாத்தியில் ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றினேன். ஐந்தைக் காகிதக் கப்பில் தென்னை நார்க்கழிவும் எருவும் போட்டுத் தாழ்வாரத்தில் வைத்தேன். ஊன்றிய மூன்றாம் நாள் காலம் தப்பி ஒரு மழை. மேல் மண் இறுகி ஓடு கட்டிவிட்டது. பாத்தியில் முளைத்தது இரண்டு. அதில் ஒன்றின் விதையிலையை அணில் கடித்துவிட்டது. கப்பில் ஐந்தாம் நாளே நாலு எழும்பின. இரண்டு நிஜ இலை வந்ததும், வேர் கப்பைச் சுற்றுவதற்குள், கப்போடு மாலையில் நட்டேன். ஒன்றுகூட வாடவில்லை. ஆனால் பாத்தியில் பிழைத்த அந்த ஒற்றைச் செடிதான் கடைசிவரை எல்லாவற்றையும்விட அகலமாக, திடமாக நின்றது. அதனால் பாக்கெட்டில் பத்தே விதை இருக்கும்போது நான் கப்பைத்தான் நம்புவேன். விதை தாராளமாக இருந்து, வானமும் வெறித்திருந்தால், குழிக்கு இரண்டாக நேரே ஊன்றி ஒன்றைக் கிள்ளிவிடுவேன். பரங்கிக்கு இந்த யோசனையே தேவையில்லை. குழிக்கு ஐந்து விதை போட்டு, பதினைந்து நாள் கழித்து நல்லது இரண்டை விட்டு மீதியைப் பிடுங்குவது அத்தை கணக்கு. பல்கலைக்கழகம் சொல்வதும் அதேதான்.

பூ விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுக்கினி வைத்த பலரும் கைவிடுவது இங்கேதான். ஆண் பூ நீளக் காம்பில் நிற்கும். பெண் பூவின் அடியில் விரல் பருமனில் பிஞ்சு இருக்கும். இரண்டும் விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறும்போது மூடிவிடும். பரங்கிக் கொடியில் ஒரே நாளில் ஏகப்பட்ட பூ விரிவதால் தேனீ தேடி வந்துவிடுகிறது. நாலே நாலு சுக்கினிச் செடி உள்ள வீட்டில் ஆண் பூ விரியும் நாளில் பெண் பூ விரிய வேண்டும், தேனீயும் வர வேண்டும். மூன்றும் கூடிவராவிட்டால் பிஞ்சின் நுனி மஞ்சளாகிச் சுருங்கி விழும். இதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. மருந்து தேவையில்லை, கை தேவை. காலை ஆறரைக்குப் போய் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். மஞ்சள் பொடி ஒட்டுவது கண்ணுக்கே தெரியும். தடவிய பூ கூம்பிய மறுநாளே பிஞ்சு பளபளக்கும். ஐந்தாறு நாளில் ஒரு சாண் காய். அப்போதே பறித்துவிட வேண்டும். ஒருமுறை இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். உலக்கை மாதிரி ஒன்று தொங்கியது, அதோடு அந்தச் செடி ஒரு வாரம் புதுப் பிஞ்சே விடவில்லை.

மார்கழியில் கோலத்துக்குப் பூ வேண்டும் என்றால் அதற்குப் பரங்கிதான். ஆடியில் போட்ட கொடியிலிருந்து என் மகள் தினமும் ஆண் பூவாகப் பார்த்துப் பறித்துச் சாணிப் பிள்ளையாரில் செருகுவாள். சுக்கினி அந்த மாசத்தில் இன்னும் விதையாகவோ நாற்றாகவோ இருக்கும்.

பூச்சி, நோய் இரண்டுக்கும் பொதுதான். ஆரஞ்சு நிற வண்டு விதையிலையைச் சல்லடையாக்கும். பனி ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் தூவினால் அண்டாது. பழ ஈ பிஞ்சில் முட்டையிட்டால் உள்ளே புழு. கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றைக் கொல்லையில் தொங்கவிட்டிருக்கிறோம். அது ஆண் ஈக்களை இழுத்துக்கொள்ளும். பிஞ்சுக்குக் காகிதப் பையும் கட்டுவேன். எண்ணிப் பார்க்கும்படி நாலைந்து காய் இருக்கும் சுக்கினிக்குப் பை கட்டலாம், பரங்கிக் கொடி முழுக்கக் கட்ட முடியாது. தை மாசப் பனியில், இலைமேல் வெள்ளை மாவாகப் படியும் சாம்பல் நோய் வரும். அது சுக்கினியை வேகமாகப் பிடிக்கிறது என்பது என் அனுபவம்.

ஆனால் சாம்பல் நோய் என்று நான் முதலில் பயந்தது நோயே இல்லை. இலை நரம்போரம் வெள்ளி பூசியதுபோலத் திட்டுத் திட்டாக இருந்தது. தெளிப்பானை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கூடவே வந்து குனிந்து, ஒரு இலையைக் கட்டை விரலால் தேய்த்தார்.

“இந்தா பாரும்மா, விரல்ல மாவு ஒட்டல. இது அதோட சாயம். வெறுமன மருந்த அடிச்சுத் தொலைக்காத.”

அவர் அதற்குமுன் சுக்கினியைக் கண்டதில்லை. பரங்கி இலையில் பார்த்துப் பழகிய கை. அவர் சொன்னதுதான் சரி. பல சுக்கினி ரகங்களுக்கு அந்த வெள்ளித் திட்டு இயல்பு. தேய்த்தால் மாவாக வந்தால் மட்டும்தான் நோய். அப்படி வந்தபோது ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை காலையில் தெளித்தேன். 1999-ல் பிரேசிலில் பசுங்குடிலில் சுக்கினிச் செடியிலேயே சோதித்துப் பலன் கண்ட வழி அது. ஆரம்பத்திலேயே பிடித்தால் பரவல் நிற்கிறது. முற்றிய இலை மீளாது, வெட்டிவிட வேண்டியதுதான்.

தண்ணீரில் பரங்கிக்குத்தான் என் ஓட்டு. ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் சாத்திவிடுவார்கள். அதன்பிறகு வாய்க்கால் வற்றி, கிணறும் இறங்கும். சுக்கினி காய்க்கும் நேரம் சரியாக அதுதான். இரண்டு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் இலை தொங்கிவிடும். வைக்கோல் மூடாக்கு போட்டபிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சினால் தாங்குகிறது.

சமையலில் இரண்டுக்கும் குணம் வேறு. பரங்கிப் பிஞ்சில் இயற்கையாகவே ஒரு இனிப்பு. தேங்காயும் பாலும் சேர்த்துக் கூட்டு வைத்தால் வேறெதுவும் வேண்டாம். சுக்கினிக்குத் தனிச் சுவை அதிகமில்லை, ஆனால் தோல் சீவ வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் வேகும், பாசிப்பருப்போடு நன்றாகச் சேரும். நூறில் தொண்ணூறுக்குமேல் தண்ணீர் என்பதால் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் போட வேண்டும். இல்லாவிட்டால் கூழாகிவிடும். எதுவானாலும் நறுக்கும்போது ஒரு துணுக்கு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். அது வேகவைத்தாலும் போகாது. துப்பிவிட்டு முழுக்காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

விதைச் செலவில் பேச்சே இல்லை. பரங்கி விதை சாம்பலில் புரட்டி அடுக்களை மாடத்தில் இருக்கிறது, வருஷா வருஷம் அதே குடும்பம். கடைச் சுக்கினி விதை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதில் விதை எடுத்துப் போட்டால் தாய்க்காய் போலவே வரும் என்று நம்ப முடியாது, ஒவ்வொரு தையிலும் பாக்கெட் வாங்க வேண்டும். மகசூலும் அப்படியே. போன தையில் என் நாலு செடி சுமார் ஏழு கிலோ கொடுத்தது. அத்தையின் ஒரு குழி, பிஞ்சாகப் பறித்தது போகவே, நாலு முற்றிய காய் கொடுத்தது. பரணில் வைத்த கடைசிக் காயை நாங்கள் ஆவணியில்தான் உடைத்தோம்.

இவ்வளவுக்கும் பிறகு சுக்கினியை ஏன் விடவில்லை என்றால், விதைத்த ஐம்பதாம் நாள் தட்டுக்கு வருவது அதுதான். தையில் போட்ட பரங்கியில் பிஞ்சு பார்க்க மாசி முடிய வேண்டும். பரங்கி இன்னும் கொடி வீசிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் சுக்கினி காய்த்து முடித்துவிடுகிறது. இந்தத் தடவை இரண்டையும் ஒரே வாரத்தில் போடுகிறோம். கிணற்றடிப் பக்கம் மேட்டுப்பாத்தியில் நாலு சுக்கினி, எருக்குழி ஓரம் ஒரு பரங்கிக் குழி. பங்குனியில் சுக்கினியைப் பிடுங்கியதும் அந்தப் பாத்திமேலேயே கொடியைத் திருப்பிவிடலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார். கப்புகள் தாழ்வாரத்தில் தயாராக இருக்கின்றன.