120 பேர் வகுப்பு: போனா, அட்டையா, துண்டுச்சீட்டா?

ஊட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். துணைப்பாட வகுப்பு என்றால் கணிதம், வேதியியல் இரண்டு பிரிவையும் சேர்த்து ஒரே ஹாலில் 120 பேர். கூடலூர் பஸ் நடுவட்டம் ஏறி வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் பாதி போயிருக்கும். மூன்று பெஞ்சைத் தாண்டிவிட்டால் யார் கவனிக்கிறார், யார் ஸ்வெட்டருக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு தூங்குகிறார் என்பதே தெரியாது. அதனால் கேள்வி கேட்டு எல்லோரிடமும் பதில் வாங்க மூன்று வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன்.

முதலில் போன். கஹூட், மென்டிமீட்டர் மாதிரி போனிலேயே கேள்விக்குப் பதில் போடுகிற ஆப்கள் பசங்களுக்குப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. பெயரில்லாமல் பதில் போடலாம் என்பதால் வாயே திறக்காத கடைசி பெஞ்சும் போடும். ஆனால் இலவசக் கணக்கில் இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, மழைக்காலத்தில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் கூடவே போய்விடும், எல்லாவற்றுக்கும் மேலே, போனைக் கையில் எடுக்கச் சொல்லிவிட்டு அஞ்சு நிமிஷம் கழித்து உள்ளே வைக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது அட்டை. நாலு நிற சார்ட் பேப்பரை வெட்டி ஆளுக்கு நாலு துண்டு, அவ்வளவுதான் செலவு. விடைக்குரிய நிறத்தை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் பின்னால் இருப்பவன் பார்த்து அதையே காட்டுவான். (சிவப்பு ஸ்வெட்டர்மேல் சிவப்பு அட்டை தெரியாது, அது வேறு.) ஆளுக்கொரு வடிவம் அச்சிட்டு, ஆசிரியர் தன் போனில் ஸ்கேன் செய்கிற ப்ளிக்கர்ஸ் அட்டையில் காப்பி அடிக்க முடியாது, ஆனால் ஒரு செட்டில் அதிகபட்சம் 63 அட்டைதான், எங்கள் வகுப்பில் பாதிக்குத்தான் வரும்.

உண்மையில் வேலை செய்வது அட்டையில்லை, அதற்கப்புறம் நடக்கிற சண்டைதான். அமெரிக்காவின் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் செய்துவருவது இதைத்தான்: கேள்வி, தனியாக ஓட்டு, பக்கத்திலிருப்பவரோடு வாதம், மறுபடி ஓட்டு. முதல் ஓட்டில் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால்தான் வாதத்துக்கு விட வேண்டும். அதற்குக் கீழே என்றால் பாடத்தையே திரும்ப நடத்தணும், மேலே என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

நான் கேட்ட கேள்வி ஒன்று: குக்கர் இல்லாமல் ஊட்டியில் பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம்? பெரும்பாலும் நீலம், அதாவது "குளிர்". இரண்டு நிமிஷம் பேசச் சொன்னேன். ஹால் சந்தைக்கடை ஆகிவிட்டது. கோத்தகிரிப் பெண் ஒருத்தி, "கோடையிலும் அப்படித்தானே வேகுது, அப்போ குளிர் எங்கடி?" என்று பக்கத்தில் இருந்தவளை மடக்கினாள். மறு ஓட்டில் பச்சை ஏறியது: காற்றழுத்தம் குறைவு, இந்த 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் சூடேறாது. அதை நான் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

துண்டுச்சீட்டு, கடைசி மூன்று நிமிஷத்தில் "இன்று எது புரியவில்லை" என்று அரைத்தாளில் எழுதி வாங்குவது. நல்லதுதான், ஆனால் 120 சீட்டையும் ராத்திரி உட்கார்ந்து நாம்தான் படிக்கணும். வாரம் ஒருநாள் போதும்.

"சார், நீங்களே சொல்லிடுங்க, அதான் நல்லா புரியுது" என்று பசங்க கேட்பார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தாங்களே செய்து படித்தவர்கள் லெக்சர் கேட்டவர்களைவிட அதிகம் கற்றிருந்தும் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014 கட்டுரையில், லெக்சர் மட்டும் நடந்த இடத்தில் தோல்வி சுமார் 34 சதவீதம், மாணவர்களும் பங்கெடுத்த வகுப்புகளில் 22.

எனவே என் ஓட்டு அட்டைக்கு. எங்கள் ஹாலுக்குத் தகரக் கூரை. ஜூலை மழை பிடித்தால் மைக்கும் எடுபடாது. கேள்வியைப் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் போதும், நாலு நிறமும் எழும்.